கதர் என்று கூவியதற்கு

தம்பிகளா, இன்று காலை உங்களில் ஒருவன் கடையின் மூலையில் கிடக்கும் துணிப் பேலைக் காட்டி, "அண்ணே, அது என்ன துணி?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்கு முன்னால் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பிறகு, "ஏதோ முரட்டுத் துணி" என்று சொல்லிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டேன். பின்னால் நீங்கள் சிரித்தது கேட்டது. துணியின் பேரைச் சொல்ல வாசலைப் பார்க்கிறானே, பைத்தியமா என்று நினைத்திருப்பீர்கள். நினைத்தால் தப்பில்லை. ஏன் பார்த்தேன் என்று இப்போது சொல்கிறேன்.

நாளை முதல் தெருவில் துணி விற்கப் போகிறீர்கள். துணியை எப்படி மடிப்பது, முழம் போடும்போது விரலை எங்கே வைப்பது, மூட்டையை எந்தத் தோளில் ஏற்றுவது என்பதையெல்லாம் முதலாளி காதர் நானா சொல்லித் தருவார். அவர் நாகூர்க்காரர். அவர்கள் வீட்டு வழக்கத்தில் அண்ணனை நானா என்பார்கள். சிராங்கூன் ரோட்டில் எல்லோருக்கும் அவர் நானாதான். அவர் சொல்லித் தராவிட்டாலும் இரண்டு வாரத்தில் தோள் தானே கற்றுக்கொள்ளும். தெருவில் என்ன கூவுவது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தர மாட்டார்கள்.

எனக்கு இருபத்திரண்டு வயதுதான். அதற்குள் தொழிலை விட்டுவிட்டேன். நாளை முதல் துறைமுகத்தில் சுமை தூக்கப் போகிறேன். அங்கே வாயைத் திறக்க வேண்டியதில்லை. என் அண்ணன் செத்து ஒரு மாதம் ஆகிறது. அவர் கூவின தெருவில் போய் நின்று வாயைத் திறந்தால் எனக்குக் காற்றுதான் வருகிறது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கோர்வையாகச் சொல்ல வராது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சின்னக் கதை.

நாங்கள் சிங்கப்பூருக்கு வந்த மறுவருஷம் சிப்பாய்க் கலகம் நடந்தது. பட்டாளத்துச் சிப்பாய்கள் தங்கள் துரைமார்களையே சுட்டுவிட்டார்கள். அப்புறம் அவர்களைப் பிடித்து ஜெயில் சுவரோரம் வரிசையாக நிறுத்திச் சுட்டார்கள். ஊர் ஜனம் போய் நின்று பார்த்தது. அண்ணனும் பார்த்துவிட்டு வந்தார். என்ன பார்த்தாய் என்று கேட்டேன். "சோத்தப் போடு" என்றார். போட்டேன். சாப்பிடவில்லை.

அப்போது எங்களோடு மூட்டை தூக்கின ஒருத்தனுக்கு 'சிப்பாய்' என்று பட்டப்பெயர். நெஞ்சை நிமிர்த்தி நடப்பான், அதனால். கலகம் அடங்கின சமயம் ஒரு நாள் சாயங்காலம், தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்திருந்த ஒருத்தன் அவனை எதிர்ச்சாரியில் பார்த்துவிட்டு, பழக்க தோஷத்தில், "டேய் சிப்பாய், இங்க வாடா!" என்று கத்தினான். அவ்வளவுதான். தெருவில் ஒரு ஆள் இல்லை. ரிக்‌ஷாக்காரன் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினான். தேத்தண்ணிக் கடைக்காரர் அடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். நடுரோட்டில் நம்ம ஆள் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறான், "எங்கடா சிப்பாய், எங்க?" என்று தானும் பயந்து சுற்றிச் சுற்றிப் பார்க்கிறான்!

இப்போது சிரிக்கிறீர்கள். அன்று ராத்திரி நாங்களும் சிரித்தோம், மெதுவாக, கதவைச் சாத்திக்கொண்டு. ஆனால் மறுநாளிலிருந்து அவன் கூன் போட்டு நடக்க ஆரம்பித்தான். நீங்கள் ஒரு சொல்லை என்ன நினைத்துச் சொல்கிறீர்கள் என்பதை யாரும் கேட்க மாட்டார்கள். கேட்கிறவன் காதுக்குள் ஏற்கெனவே என்ன இருக்கிறதோ, அதில் போய்த்தான் அது உட்காரும்.

கலகம் நடந்த நாளில் ஜனங்கள் ஒரு வார்த்தையை மட்டும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வடக்கத்திக்காரர்கள் கலகத்துக்குச் சொல்கிற வார்த்தை. அந்த வார்த்தையைச் சொல்லி ஆள் சேர்த்தார்கள், அந்த வார்த்தையைப் பத்திரிகையில் போட்டு ஊர் ஊராக அனுப்பினார்கள் என்று பேச்சு. அது யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் வெள்ளைக்காரன் காதில் விழுந்தால் ஆளைக் கப்பலேற்றிவிடுவான் என்பது எல்லோருக்கும் தெரியும். கப்பலேற்றினால் பரவாயில்லை, சுவரோரம் நிறுத்தினால்? அந்த வார்த்தை என்னவென்று எங்களுக்கு அப்போது காதில் விழவே இல்லை. அவ்வளவு மெதுவாகத்தான் சொல்லுவார்கள். விழுந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அதன்பிறகு சில வருஷம் ஆயிற்று. பயம் கொஞ்சம் தூங்கிவிட்டது. அண்ணனுக்கு இந்தத் தெருவில் நல்ல பேர் வந்துவிட்டது. முத்தையா குரல் என்றால் எல்லோருக்கும் தெரியும். எருமை ரோட்டு முனையில் நின்று, "வேட்டி வேட்டி வேட்டி! கட்டினா மாப்பிள்ளை, மடிச்சா சம்பந்தி!" என்று ஒரு போடு போட்டால், மேல்மாடி ஜன்னலெல்லாம் திறக்கும். வெற்றிலைக் கடை அம்மா, "வந்துட்டாரு சம்பந்தி, காது போச்சு" என்று திட்டிக்கொண்டே சுண்ணாம்பு தடவிக் கொடுப்பாள்.

ஒரு நாள் காதர் நானா ஒரு பேலைப் பிரித்தார். நாகப்பட்டினத்துக் கப்பலில் வந்தது. பழுப்பு வெள்ளை, சாக்கு மாதிரி இருந்தது.

"என்ன நானா இது, அரிசி மூட்டை கட்டவா?" என்றார் அண்ணன்.

"வாயக் கழுவு. ஊருல இப்ப பெரிய பெரிய வக்கீலுங்கல்லாம் சீமைத் துணிய நெருப்புல போட்டுட்டு இதத்தான் கட்டுறாங்க. கையில நூத்து கையில நெய்ஞ்சது. பேரு கதரு."

"கதரு..." அண்ணன் சொல்லிப் பார்த்தார். "நல்லாருக்கே நானா. கூவுறதுக்குச் சின்னதா, கிண்ணுனு இருக்கு."

காதர் நானாவுக்கு அரபு எழுத்து தெரியும், உருது பேச வரும். அவருக்கு ஏன் அப்போதே உறைக்கவில்லை என்று பின்னால் ரொம்ப நாள் நான் யோசித்தேன். அவருக்குத் தெரிந்ததால்தான் உறைக்கவில்லை. அவர் காதுக்கு அந்தக் கலக வார்த்தையும் இந்தத் துணியின் பேரும் வேறு வேறு. எங்கள் வாய்க்குத்தான் இரண்டும் ஒன்று.

மறுநாள் காலை அண்ணன் வழக்கமான முனையில் மூட்டையை இறக்கினார். நான் பக்கத்தில் துணியை விரித்துப் பிடித்தேன். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

"கதரு! கதரு! கதரு வந்திருச்சு! நம்ம ஊருக் கதரு! எல்லாரும் வாங்க, கதருக்கு வாங்க! சீமைத்துணி போச்சு, கதரு வந்திருச்சு!"

ஜன்னல்கள் திறந்தன. பிறகு மூடின. முடிவெட்டுகிறவர் பாதி வெட்டின தலையோடு ஆளை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார். வடக்கத்தி மாட்டு வியாபாரிகள் இரண்டு பேர் எங்களைப் பார்த்தார்கள். ஒருத்தன் இன்னொருத்தன் கையைப் பிடித்து இழுத்தான். அப்படியே சந்துக்குள் போய்விட்டார்கள்.

"என்னடா, எல்லாருக்கும் பேரு பிடிக்கல போலருக்கே" என்று அண்ணன் இன்னும் சத்தமாகக் கூவினார்.

அப்போதுதான் அந்த சார்ஜன்ட் வந்தார். பஞ்சாப்காரர், தலைப்பாகை கட்டினவர். இங்கே எல்லோரும் அவர்களை வங்காளி என்றுதான் சொல்வோம், அதுவும் தப்பான பேர்தான். தினமும் எங்களைத் தாண்டிப் போகிறவர். அண்ணன் சலாம் போட்டால் தலையசைப்பார். அன்று தலையசைக்கவில்லை. எங்கள் முன்னால் வந்து நின்று, முதலில் தெருவின் அந்தக் கோடியைப் பார்த்தார். பிறகு இந்தக் கோடியைப் பார்த்தார். அதன் பிறகுதான் அண்ணனைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. கோபம் என்று நினைத்தேன். அது கோபம் இல்லை. அந்த ஆளும் பயந்திருந்தார். கலகக்காரர்களில் பஞ்சாபிகள் நிறைய என்று பேச்சு, அதனால் அந்த வார்த்தை அவர் ஜாதிசனத்தின் மேல்தான் முதலில் விழுந்தது. அது காதில் விழுந்தும் சும்மா போனார் என்று யாராவது மேலே சொல்லிவிட்டால், அடுத்த நாள் அவரே கூண்டில் நிற்க வேண்டும்.

மலாயில் கேட்டார், என்ன கத்துகிறாய் என்று.

"கதர்!" என்றார் அண்ணன், சிரித்துக்கொண்டு, துணியைத் தூக்கிக் காட்டி.

"யார் சொல்லச் சொன்னது?"

"காதர்!"

சார்ஜன்ட் முகம் வெளுத்தது. "யார்?"

"காதர், காதர் நானா!"

இதைவிட நன்றாக மாட்டிக்கொள்ள எங்களுக்குத் தெரிந்திருக்காது. இரண்டு பேரையும் மூட்டையோடு ஸ்டேஷனுக்கு நடத்திக்கொண்டு போனார். வெற்றிலைக் கடை அம்மா மட்டும் வெளியே வந்து, "ஏங்க, சம்பந்தி நல்ல மனுசனுங்க" என்று தமிழிலேயே அவரிடம் சொன்னாள். அவர் கேட்காத மாதிரி நடந்தார்.

ஸ்டேஷனில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். சுவர் பக்கமாக. அண்ணன் சுவரைத் தொடாமல் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். முதுகு சுவரில் படக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. எனக்குப் புரிந்தது. நானும் நகர்ந்துகொண்டேன்.

"டேய், நான் என்னடா தப்பாச் சொன்னேன்?" என்று காதோடு கேட்டார்.

"தெரியலண்ணே."

"துணி பேரத்தானடா சொன்னேன்?"

"சும்மா இருண்ணே. பாக்குறாங்க."

மொழிபெயர்க்க ஒருத்தரைக் கூப்பிட்டார்கள். யாழ்ப்பாணத்துக்காரர், கோட்டுப் போட்டு, நெற்றியில் திருநீறு. அவரைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது, நம் பாஷை பேசுகிறவர் என்று. அவர் எங்களைப் பார்த்ததும் அவருக்கு உயிர் போன மாதிரி இருந்தது. அவருக்கும் உத்தியோகம் இருக்கிறதல்லவா.

உள்ளே ஒரு வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர். மேஜை மேல் கை இரண்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சார்ஜன்ட் விறைத்து நின்று நடந்ததைச் சொன்னார். அவர் அந்த வார்த்தையைச் சொன்னபோது, தம்பிகளா, அது தொண்டைக்கு அடியிலிருந்து, வாய் கொப்பளிக்கிற மாதிரி வந்தது. அது எங்கள் வார்த்தை இல்லை என்று அப்போதுதான் எனக்குப் பட்டது.

யாழ்ப்பாணத்துக்காரர் எங்கள் பக்கம் திரும்பினார். "இஞ்ச பாரும். கேக்கிறதுக்கு மட்டும் மறுமொழி சொல்லும். கூடக் கதைக்காதையும். கதர் எண்டு கூப்பிட்டு ஆள் சேர்த்தனீரோ எண்டு துரை கேக்கிறார்."

"ஆள் சேக்கலைங்க ஐயா, கூட்டம்தான் சேத்தேன். கூட்டம் சேந்தாத்தானே..."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "நீர் என்ன கதைக்கிறீர் எண்டு தெரிஞ்சுதான் கதைக்கிறீரோ? கூட்டம் எண்ட சொல்லை நான் கேக்கேல்லை. நீரும் சொல்லேல்லை. அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து?"

"துணிங்க ஐயா."

"திரும்பச் சொல்லும். வடிவாச் சொல்லும்."

"கதரு."

சார்ஜன்ட் துரையைப் பார்த்தார். கேட்டீர்களா, அதேதான், என்கிற மாதிரி. துரை ஏதோ சொன்னார். மறுபடி சொல்லச் சொன்னார்கள். அண்ணன் மெதுவாகச் சொன்னார், வேகமாகச் சொன்னார், இழுத்துச் சொன்னார். எப்படிச் சொன்னாலும் அதேதான் வந்தது. வேர்த்துக் கொட்டியது. நமக்கு இருக்கிறது ஒரே ஒரு 'க'. அதை வைத்துக்கொண்டு அவர் எத்தனை விதமாகத்தான் சொல்வார்?

"உமக்கு இதை ஆர் சொல்லித் தந்தது?"

"காதரு."

துரை பேனாவை எடுத்தார்.

"கதரைச் சொல்லித் தந்தது கதரோ? ஆளைச் சொல்லுறீரோ, மற்றதைச் சொல்லுறீரோ?"

"காதரு... நானா..." அண்ணனுக்கு அழுகையே வந்துவிட்டது.

யாழ்ப்பாணத்துக்காரர் சட்டென்று நிமிர்ந்தார். "நில்லும். நானாவோ? சோனக ஆளோ? கடை வைச்சிருக்கிறவரோ?"

"ஆமாங்க ஐயா! நாகூரு நானா! எங்க முதலாளி!"

"ஓ...!" அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அவர்கள் ஊரிலும் முஸ்லிம்களை நானா என்றுதான் கூப்பிடுவார்களாம். அந்த ஒரு வார்த்தை எங்களைக் காப்பாற்றியது. அவர் துரையிடம் இங்கிலீஷில் நிறையச் சொன்னார். நடுவில் அந்த வார்த்தை வந்தது, வேறு மாதிரி வந்தது, இன்னொரு மாதிரி வந்தது. ஆள் ஒன்று, துணி ஒன்று, மற்றது ஒன்று என்று விரலை மடக்கிக் காட்டினார். துரை உதட்டோரம் சிரித்தார். மூட்டையைப் பிரிக்கச் சொன்னார். துணியைப் பார்த்தால் தீர்ந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று நான் நினைத்தேன்.

துரை துணி மேல் கையை வைத்தார். தடவினார். அவர் சிரிப்பு மெல்ல நின்றது.

யாழ்ப்பாணத்துக்காரர் குரல் இறங்கிவிட்டது. "இந்தியாவிலை சீமைத்துணி வேண்டாம் எண்டு நெருப்பு வைக்கிற ஆக்கள் உடுத்துற துணியெல்லோ இது எண்டு கேக்கிறார். சீமைத்துணி போச்சு எண்டு கத்தினீராம். சார்ஜன்ட் சொல்லுறார்."

ஒரு குழியிலிருந்து ஏறினோம், நேராக இன்னொன்றில். பேர் வேறு என்று தப்பித்தால், துணியும் அரசாங்கத்துக்கு ஆகாத துணிதான். அண்ணன் யாழ்ப்பாணத்துக்காரரைப் பார்த்தார். அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அவரால் முடிந்ததை அவர் செய்துவிட்டார். நான் அண்ணன் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். அந்த வயதில் வேட்டியைப் பிடிக்கிறவனா என்று கேட்காதீர்கள்.

அண்ணன் துரையின் கையைப் பார்த்தார். துணி மேல் இன்னும் இருந்த அந்தக் கையை. பிறகு வியாபாரக் குரலில், தெருவில் பேசுகிற அதே குரலில், சொன்னார்:

"ஐயோ துரை, உயிரோட இருக்கறவன் எவன் இதக் கட்டுவான்? சாக்கு மாதிரி இருக்கு பாருங்க. இது கோடித்துணிங்க. பொணத்து மேல போத்துறது. கழுவாத துணி, அதான் பழுப்பா இருக்கு. சீமைத்துணி விலைக்குப் பொணத்துக்குப் போத்த முடியுமா, அதான் சீமைத்துணி போச்சுன்னேன்."

யாழ்ப்பாணத்துக்காரர் ஒரு நிமிஷம் அண்ணனையே பார்த்தார். பிறகு இங்கிலீஷில் சொன்னார். துரை கையை வெடுக்கென்று எடுத்தார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

பின்னால் நான் அண்ணனைக் கேட்டேன், எப்படித் தோன்றியது என்று. "அவன் கை துணி மேல இருந்துச்சுடா. வாங்குற கை எது, விடுற கை எதுன்னு யாவாரிக்குத் தெரியும்ல? அந்தக் கைய எப்படியாவது எடுக்க வைக்கணும்னுதான் பாத்தேன். வேற ஒண்ணும் தோணல" என்றார். பதற்றத்தில் இருக்கும்போது பெரிய யோசனையெல்லாம் வராது, தம்பிகளா. எதிரே இருப்பவன் கையை மட்டும் பாருங்கள். அதுவரைக்கும்தான் புத்தி எட்டும்.

விட்டுவிட்டார்கள். ஆனால் சும்மா விடவில்லை.

"கவனமாக் கேளும்" என்றார் யாழ்ப்பாணத்துக்காரர். "துரை இதைச் செத்த ஆக்களுக்குப் போடுற துணி எண்டு எழுதிப்போட்டார். இனி நீர் இதை அப்பிடித்தான் கூவ வேணும். வேற பேர் வாயிலை வந்தா, உம்மையும் தம்பியையும் கப்பலிலை ஏத்திப்போடுவினம். சார்ஜன்ட் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். விளங்குதே?" வாசல் வரை கூட வந்து, குரலைத் தாழ்த்தி, "பயப்பிடாதையும். நானும் பயந்துதான் போனன்" என்றார்.

அன்று சாயங்காலம் காதர் நானா கதவைச் சாத்திவிட்டு எங்களுக்கு விளக்கினார். கலகத்து வார்த்தை, துணியின் பேர், தன் பேர், உருதில் இந்த மூன்றுக்கும் முதலில் வருவது மூன்று தனி எழுத்தாம். கலகத்தைச் சொல்கிற வார்த்தை அரபிலிருந்து வந்ததாம், அங்கே அதற்குத் துரோகம் என்று அர்த்தமாம். "துரோகம்னு வெள்ளக்காரன் சொல்றான். ஆமா துரோகம்தான்னு அதையே தங்க கூட்டத்துக்கும் பத்திரிகைக்கும் பேரா வச்சுக்கிட்டாங்க கலகக்காரங்க" என்றார். துணியின் பேர் சும்மா வடக்கே முரட்டு நெசவுக்குச் சொல்கிற பேர்தான், அதில் அரசியல் ஒன்றுமில்லை, ஜனங்கள் கட்ட ஆரம்பித்த பிறகுதான் அதற்குள் அரசியல் வந்தது என்றார். "எம்பேருக்கு வல்லமை உள்ளவன்னு அர்த்தம்" என்று சொல்லி, கதவுத் தாழ்ப்பாளை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"இந்தப் பேல அப்படியே ஓரமா போடு முத்தையா. வேட்டி வில்லு."

"வேணாம் நானா. நிறுத்துனா பொய்யின்னு தெரிஞ்சிரும். சார்ஜன்ட் தினம் வருவாரு."

அதுதான் பயம் செய்த வேலை. மறுநாள் அண்ணன் அதே முனையில் நின்றார். "கோடி... கோடித்துணி..." அந்தக் குரலில் பாதி கூட இல்லை. வெள்ளிக்கிழமை காலை. மேல்மாடி ஜன்னலிலிருந்து ஒரு பெண், "வெள்ளிக்கெழமையும் அதுவுமா வாசல்ல வந்து கோடின்னு கத்துறியே, நீ வெளங்குவியா?" என்று சாணித் தண்ணியை ஊற்றினாள். தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள், "அண்ணே, எனக்கொண்ணு எடுத்து வையி, எங்க முதலாளி அளவுக்கு!" என்று சிரித்தார்கள். வெற்றிலைக் கடை அம்மா வெற்றிலை கொடுத்தாள், ஆனால் சம்பந்தி என்று கூப்பிடவில்லை. அப்புறம் வேட்டியும் விற்கவில்லை. கோடி என்று சொன்ன வாயிலிருந்து கல்யாண வேட்டி யார் வாங்குவார்கள்? சார்ஜன்ட் தினமும் வந்தார். நின்று கேட்டார். தலையசைக்காமல் போனார்.

கடைசியில் அண்ணன் தெருவை விட்டுவிட்டார். புக்கிட் பாஞ்சாங், சுவா சூ காங் என்று ரப்பர் தோட்டங்களுக்கு மூட்டையோடு நடக்க ஆரம்பித்தார். அங்கே யாருக்கும் எங்களைத் தெரியாது. தோட்டத்து ஆட்கள் துணியைப் பார்த்ததும், "இது அதுதானே?" என்று கண்ணால் கேட்பார்கள். அண்ணனும் கண்ணாலேயே ஆமாம் என்பார். வாங்குவார்கள். அங்கே கூட அவர் அந்தப் பேரைச் சொல்லவில்லை. கூவின மனுஷன் ஊமை மாதிரி வியாபாரம் பண்ணினார். மழை, சேறு, கொசு. ஜுரத்தோடு திரும்பி வந்தார். விட்டு விட்டு வந்தது. ஒரு தடவை விடவே இல்லை.

கடைசி நாள் மத்தியானம் கண்ணைத் திறந்து, "வாசல்ல யாராச்சும் நிக்கிறாங்களாடா?" என்று கேட்டார்.

"யாருமில்லண்ணே."

"நல்லாப் பாத்தியா?"

பார்த்தேன். யாரும் இல்லை. வந்து சொல்வதற்குள் அவர் கேட்கிற நிலைமையில் இல்லை.

சொந்தம் என்று கோடி போட நான் ஒருத்தன்தான். காதர் நானா அந்தப் பேலிலிருந்து துணியைக் கிழித்துக் கொண்டுவந்தார். அண்ணன் துரையிடம் சொன்ன பொய் அவர் மேலேயே உண்மையாகிவிட்டது. நான் போர்த்தினேன். சாக்கு மாதிரிதான் இருந்தது.

சிராங்கூன் ரோடு வழியாகத் தூக்கிக்கொண்டு போனோம். எருமை ரோட்டு முனையில், அண்ணன் நிற்கிற இடத்தில், அந்த சார்ஜன்ட் நின்றுகொண்டிருந்தார். கையைக் காட்டினார். நின்றோம். தூக்கினவர்களில் ஒருத்தன், "என்னடா, இப்பவுமா?" என்று முணுமுணுத்தான். சார்ஜன்ட் கிட்டே வந்து துணியின் ஓரத்தை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். என்ன துணி என்று மலாயில் என்னிடம் கேட்டார்.

கோடித்துணி என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மையும் கூட. ஆனால் அண்ணன் துணியின் சொந்தப் பேரைச் சொல்லி எவ்வளவு நாள் ஆயிற்று என்று நினைத்தேன்.

"கதர்" என்றேன். சத்தமாகத்தான் வந்தது. பின்னால் வந்தவர்கள் இரண்டடி ஒதுங்கினார்கள். என் வாயிலும் அதே ஒரு 'க'தான். அவர் காதில் எது வேண்டுமானாலும் விழுந்திருக்கலாம்.

சார்ஜன்ட் என்னைப் பார்த்தார். தெருவின் அந்தக் கோடியைப் பார்க்கவில்லை, இந்தக் கோடியைப் பார்க்கவில்லை. அவரும் அந்தப் பேரை ஒரு தடவை சொன்னார், மெதுவாக, துணியின் பேராகவே. எனக்கு வராத அந்த எழுத்தோடு. பிறகு நடுரோட்டுக்குப் போய் நின்று, எதிரே வந்த மாட்டு வண்டிகளைக் கை காட்டி நிறுத்தினார். நாங்கள் தாண்டும் வரைக்கும் நிறுத்தி வைத்திருந்தார்.

அவ்வளவுதான். அந்தப் பேலில் மிச்சம் இருப்பதைத்தான் நீங்கள் காலையில் பார்த்தீர்கள். நாளைக்கு மூட்டை தூக்கப் போகிறீர்கள், அதையும் எடுத்துப் போகச் சொல்வார் நானா. அதன் பேர் கதர். கதவு திறந்துதான் இருக்கிறது, திறந்து வைத்துக்கொண்டுதான் சொல்கிறேன். இருந்தாலும், டேய் தம்பி, நீ வாசல் பக்கம் உட்கார்ந்திருக்கிறாய், வெளியே யாராவது நிற்கிறார்களா என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வா.